சுவர் வெடிப்புக்கள் உணர்த்துவன

வீட்டுச் சுவரில் ஒரு வெடிப்பைக் கண்டதும் கொத்தனாரை அழைத்துப் பூசி மறைத்துவிடுவது நம்மிடையே வழக்கம். சில திங்களில் அதே இடத்தில் அது மீண்டும் தலைகாட்டுகிறது. மாணவ நண்பர்களே, காய்ச்சல் நோயன்று, நோயின் அறிகுறி. சுவரின் வெடிப்பும் அத்தகையதே. பூசுவதற்கு முன் அதன் காரணத்தை அறிய வேண்டும் என்பதையே இன்று நான் சொல்ல விரும்புகிறேன்.

வெடிப்பின் வடிவமே அதன் வரலாற்றைக் கூறும். பூச்சின்மேல் சிலந்தி வலைபோல் பரவும் மயிரிழைக் கீறல்கள், காரை உலர்ந்து சுருங்குவதால் உண்டாவன, அவற்றால் அச்சமில்லை. மேல்மாடியில் தளத்தை ஒட்டிப் படுக்கைவாட்டில் ஓடும் வெடிப்பு, பெரும்பாலும் வெயிலின் வேலை. 10 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் தளம், 20 டிகிரி வெப்பம் கூடினால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். கீழுள்ள சுவரோ அவ்வளவு நீளாது. எனவே இரண்டும் சேருமிடம் விட்டுக்கொடுக்கிறது.

சன்னல் மூலையிலிருந்து படிபடியாகச் சாய்ந்து ஏறும் வெடிப்புத்தான் கவலைக்குரியது. கடைக்கால் ஒருபுறம் தாழ, மறுபுறம் தாழாது நின்றதை அது உணர்த்தக்கூடும். வீடு முழுதும் ஒரே சீராகத் தாழ்ந்தால் சுவருக்குத் தீங்கு குறைவு; ஏற்றத்தாழ்வே பகை. வெடிப்பு மேலே அகன்றிருப்பின் சுவரின் ஓரமும், கீழே அகன்றிருப்பின் நடுப்பகுதியும் தாழ்ந்திருக்கலாம்.

நிலம் ஏன் இவ்வாறு அசைகிறது? கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரங்களின் கரிசல் மண்ணைப் பாருங்கள். மழைநீரை உண்டு அது பருக்கிறது; கோடையில் சுருங்கி, கை நுழையுமளவு பிளக்கிறது. வீட்டின் அடியிலுள்ள மண்ணில் ஈரம் அதிகம் மாறுவதில்லை. ஓரத்து மண்ணே பருவந்தோறும் ஏறி இறங்குகிறது. அருகில் நிற்கும் பெருமரமும், கசியும் குழாயும் இத்துன்பத்தை மிகுவிக்கும். ஆகவே அங்குக் கடைக்காலை ஈரம் மாறாத ஆழத்தில் ஊன்றுதல் நலம். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் பரவச்செய்த, அடியில் குமிழ்போல் விரிந்த கான்கிரீட் தூண்கள் இதற்கென்றே அமைந்தவை. அவை பொதுவாக 3.5 மீட்டர் ஆழமேனும் இறங்கும்.

கட்டி முடிந்த வீட்டைப் பார்வையிடச் செல்லும்போது நான் முதலில் வினவுவது, வெடிப்பு இன்னும் வளர்கிறதா, ஓய்ந்துவிட்டதா என்பதே. இதனை அறிய எளிய வழியுண்டு. வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை வைத்து, இரு முனைகளையும் சிமெண்டால் பதித்து, அன்றைய தேதியை அருகில் எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது என்பது பொருள். மழையும் கோடையும் கடந்து அது உடையாதிருந்தால் தாராளமாகப் பூசலாம்.

ஆனால் வெடிப்பில் விரல் நுழைந்தாலோ, சுவர் தூக்குக்குண்டின் நேர்கோட்டை விட்டுச் சாய்ந்தாலோ கண்ணாடிச் சோதனைக்குக் காத்திருத்தல் ஆகாது. அன்றே பொறியாளரை அழையுங்கள்; அவர் வந்து பார்க்கும்வரை அச்சுவரருகே எவரும் உறங்க வேண்டா.