பேராசிரியருக்கு யார் மார்க் போடுவது?

ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். எங்கள் பக்கம் பட்டம் வாங்கியவர்களுக்குப் பஞ்சமில்லை. பாடம் நடத்தியவர் எழுதிய புத்தகத்தைப் படித்தவர்களைத்தான் தேட வேண்டும். படிக்காதவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. கல்லூரி ஆசிரியரின் பதவி உயர்வில் ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு மதிப்பு உண்டு. ஊருக்குப் புரிகிற மாதிரி எழுதினால் அவருக்கு என்ன கிடைக்கும்?

அதற்காகத்தான் சில பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆட்களின் நூல்களுக்கே பரிசு வைத்திருக்கின்றன. சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் 1963 முதல் அந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் நூலுக்கு லேயிங் பரிசு தருகிறது. சில இடங்களில் பழைய மாணவர்களின் நூல்களும் போட்டிக்கு வரும்.

நமக்குப் பக்கத்தில், சிங்கப்பெருமாள் கோவில் தாண்டினால் காட்டாங்கொளத்தூர். அங்கே எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் தமிழ்ப்பேராயம் விருதுகள் வழங்குகிறது. கதை, கவிதையோடு அறிவியல் தமிழுக்கும் அதில் இடமுண்டு. வெளியார் நூல்களையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

கட்டுரை நூலுக்குப் பரிசு என்பது நமக்குப் புதிதல்ல. 1955இல் தமிழுக்குக் கிடைத்த முதல் சாகித்திய அகாதெமி விருதே, சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரா.பி.சேதுப்பிள்ளையின் 'தமிழின்பம்' கட்டுரைகளுக்குத்தான். 2024இல் பேராசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' அதைப் பெற்றது. வ.உ.சி. கைதானதும் திருநெல்வேலி கொதித்தெழுந்தது 1908 மார்ச்சில். அதற்குச் சில நாள் முன்புதான் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு வாங்கியிருந்தார்கள். விருது அறிவித்த அதே 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். நூற்றுப் பதினாறு வருஷம் தள்ளி நடந்ததென்றாலும், கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற எங்களுக்கு கோரல் மில் தூரத்துக் கதையாகத் தெரியவில்லை.

அப்படியானால் எங்கள் கதையை யார் எழுதுவது? ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் உற்பத்தி தொடங்கி 2014இல் மூடியதை உள்ளேயிருந்து பார்த்தவர்களில் பலர் இந்தச் சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள். வெல்டிங் லைனுக்கு ரோபோ வந்த கதையும், ஒரே அறையில் ஷிப்டு மாற்றி மாற்றித் தூங்குகிற பிள்ளைகளின் கதையும் அவர்களுக்குத் தெரியும். ஆய்வு முறை பேராசிரியருக்குத் தெரியும். இருவரையும் ஒரே போட்டியில் உட்கார வைக்க ஒரு பரிசு போதும்.

தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. நடுவர் குழுவில் பல்கலைக்கழகத்துக்கு வெளியே வேலை பார்க்கிற ஒருவராவது இருக்கட்டும். அவருக்குப் புரியாத புத்தகத்துக்குப் பரிசு வேண்டாம். ஜெயித்த புத்தகத்தின் சில பிரதிகளை ஸ்ரீபெரும்புதூர் நூலகத்துக்கும் கம்பெனி கேன்டீன்களுக்கும் அனுப்பினால், மீதி மார்க்கை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.