உங்கள் போன் எந்த மொழியில் கேட்கிறது?

மேடவாக்கத்திலிருந்து, பொறியியல் படிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார்: “பிரவுசர் கேட்கிறது, சர்வர் கொடுக்கிறது என்று நாலு செமஸ்டராகப் படிக்கிறேன். அது கேட்பதை ஒருமுறையாவது கண்ணால் பார்க்க முடியுமா?”

பார்க்கலாம். கோவிலம்பாக்கத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தே போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். ஒரு பழைய லேப்டாப், வீட்டு வைஃபை, பைத்தானில் பதினைந்து வரி. 8080 என்ற போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த நிரல் காத்திருக்கும். யார் வந்தாலும், வந்த எழுத்துகளை அப்படியே திரையில் காட்டும். ‘200 ஓகே’ என்று பதில் சொல்லி இணைப்பை மூடும். ரவுட்டர் லேப்டாப்புக்குக் கொடுத்திருக்கும் முகவரியை (பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும்) போன் பிரவுசரில் தட்டி, ஒரு முக்காற்புள்ளி வைத்து 8080 சேர்த்தால் போதும்.

திரையில் வந்த முதல் வரியில் ‘கெட்’, வேண்டிய பக்கம், பிரவுசரும் சர்வரும் பேசும் விதிமுறையான எச்.டி.டி.பி. 1.1. அதன்பின் வரிக்கு ஒரு பெயர், முக்காற்புள்ளி, அதற்கான விவரம். கடைசியில் ஒரு வெற்று வரி. சின்ன வயதில் அம்மா கொடுத்தனுப்பும் மளிகைச் சீட்டுதான் நினைவுக்கு வந்தது. வரிக்கு ஒரு சாமான் எழுதி, முடிவில் குறுக்கே ஒரு கோடு போடுவாள். கோட்டைப் பார்த்த பிறகுதான் அண்ணாச்சி தராசை எடுப்பார். சர்வரும் அப்படித்தான். வெற்று வரி வரும்வரை சீட்டு முடியவில்லை என்று காத்திருக்கும்.

ஒரே ஒரு முறை தட்டினாலும் திரையில் இரண்டு சீட்டுகள் வந்து விழலாம். இரண்டாவது, பிரவுசர் தானாகக் கேட்கும் சின்னப் படம். தாவலின் ஓரத்தில் தெரிகிறதே, அது. 1999-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 தொடங்கி வைத்த பழக்கம். பயப்பட வேண்டாம்.

என்னை நகரவிடாமல் பிடித்து வைத்தது இன்னொரு வரி: ‘அக்செப்ட்-லாங்வேஜ்’. எனக்கு எந்த மொழியில் வேண்டும் என்று பிரவுசர் சொல்லும் வரி. 1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ சேர்ன் ஆய்வகத்தில் வகுத்த எச்.டி.டி.பி.யின் முதல் வடிவத்தில் கேள்வி ஒரே வரிதான், மொழிக்கு இடமே இல்லை. 1997 ஜனவரியில் வெளியான 1.1 விதிமுறையில் இந்த வரி விரிவாக இருக்கிறது. ஒரு மொழி மட்டுமல்ல, வரிசையாகப் பல மொழிகளைச் சொல்லலாம். ஒவ்வொன்றுக்கும் சுழியத்திலிருந்து ஒன்றுக்குள் ஒரு மதிப்பெண் தரலாம். தமிழுக்கு 1, ஆங்கிலத்துக்கு 0.8 என்றால் என்ன பொருள்? “பொன்னி அரிசி 5 கிலோ, இல்லையென்றால் ஐ.ஆர்.20” என்று அம்மா எழுதுவாளே, அதேதான். தமிழுக்கான குறி ‘டிஏ’. நாட்டையும் சேர்த்தால் ‘டிஏ-ஐஎன்’, இலங்கைக்கு ‘டிஏ-எல்கே’, சிங்கப்பூருக்கு ‘டிஏ-எஸ்ஜி’. யாழ்ப்பாணத்தில் ஒருவர் தனக்கு இலங்கைத் தமிழ் வேண்டும் என்று கேட்கவும் விதியில் இடம் இருக்கிறது.

வீட்டிலிருந்த மூன்று போன்களையும் இணைத்துப் பார்த்தேன். மூன்றும் முதலில் கேட்டது இந்திய ஆங்கிலம். ஒன்றில்கூட ‘டிஏ’ இல்லை. கீழ்வீட்டுப் பாட்டியின் போனையும் வாங்கி வந்தேன். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. தினமும் ராசிபலனும் ரேஷன் செய்தியும் அதில்தான் படிக்கிறார். அந்தப் போனும், திறக்கிற ஒவ்வொரு பக்கத்துக்கும், “ஆங்கிலத்தில் கொடுங்கள்” என்றே கேட்டுக்கொண்டிருந்தது. கடையில் வாங்கிய அன்று போனில் இருந்த அமைப்பு அப்படியே இருக்கிறது, யாரும் தொடவில்லை.

அமைப்புகளுக்குப் போய், மொழிப் பட்டியலில் தமிழை மேலே ஏற்றினேன். மறுபடி தட்டியதும் சீட்டில் ‘டிஏ-ஐஎன்’ முதலில் வந்தது. பாட்டி எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா சொல்லுது?”

“தமிழ்ல இருந்தா குடுங்கன்னு கேக்குது பாட்டி.”

அன்று அவர் வழக்கமாகப் பார்க்கும் நாலைந்து தளங்களைத் திறந்தோம். ஒன்றுதான் தானாகத் தமிழில் வந்தது. மற்றவை, தமிழ்ப் பக்கம் வைத்திருந்தும், மூலையில் ஒரு சின்னப் பொத்தானில் அதை ஒளித்திருந்தன. கேட்ட குரல் கதவு வரை வந்திருக்கிறது. உள்ளே கேட்க ஆள் இல்லை. போன வருடம் பெங்களூரில் இருந்தபோது ஒரு தளம் என் ஊரை ஊகித்துக் கன்னடத்தைக் காட்டியது. ஊகிக்கத் தேவையே இல்லை, சீட்டில் எழுதியிருக்கிறது! டெபியன் லினக்ஸ் தளம் இந்த வரியைப் படித்துத்தான் மொழியைத் தேர்கிறது. அப்பாச்சி சர்வரில் இதற்கான வசதி பல வருடங்களாக இருக்கிறது. தமிழ்ப் பக்கத்தை உழைத்து மொழிபெயர்த்தவர்களின் வேலை, ஒரு வரியைப் படிக்காததால் வீணாவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு மறுபக்கமும் உண்டு. அபூர்வமான மொழி வரிசை வைத்திருப்பவரை, மற்ற விவரங்களோடு சேர்த்து விளம்பரக்காரர்கள் அடையாளம் கண்டுபிடிக்கலாம். அதற்காகத் தமிழ் கேட்பதை விட்டுவிட முடியாது. நிறையப் பேர் கேட்டால் அது அபூர்வமாக இருக்காது.

வாசகிக்கு இன்னும் சில குறிப்புகள். எழுத்தாகவே படிக்க முடிவது நம் சர்வர் பூட்டில்லாத 1.1-இல் பேசுவதால்தான். வெளியுலகில் பெரும்பாலான சீட்டுகள் பூட்டிய உறையில் போகின்றன. 2015-இல் வந்த எச்.டி.டி.பி.யின் இரண்டாம் பதிப்போ பைனரி. சோதனை முடிந்ததும் நிரலை நிறுத்திவிடுங்கள். முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டுத் தமிழிலும் தட்டிப் பாருங்கள்: ‘கோவிலம்பாக்கம்’ என்ற எட்டு எழுத்து, சதவீதக் குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளுமாக 126 குறிகளாக நீண்டு வரும். யூனிகோடில் அதற்கு 14 குறியீடுகள், ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் மூன்று குறிகள்.

பிறகு நிரலில் ஒரு ‘இஃப்’ சேருங்கள். மொழி வரியில் ‘டிஏ’ முதலில் இருந்தால் தமிழில் ‘வணக்கம்’ அனுப்பட்டும். வரியின் பெயர் பெரிய எழுத்திலும் வரலாம், சிறிய எழுத்திலும் வரலாம், சிறியதாக்கிவிட்டு ஒப்பிடுங்கள். பதிலில் யூ.டி.எஃப்-8 என்று குறிப்பிட மறக்காதீர்கள். மறந்தால், அனுப்பிய வணக்கம் போனில் புரியாத குறிகளாக வந்து நிற்கும்.