வினைக்குப் பின் எந்தச் சொல்?

அன்று ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதுபவரின் பேனா, வினைச்சொல்லைத் தாண்டியதும் தயங்கும். அடுத்து 'டு'வா, 'ஃபார்' போடவா, 'வித்'தா? சந்தேகம் தீர்க்க வாத்தியார் இருந்தார். இல்லாவிட்டால் 1930களில் வெளிவந்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம். எந்தச் சொல்லுக்கு எந்தப் பிரிபொசிஷன் என்று அதில் பட்டியலே உண்டு. 'அபைட்' என்றால் 'பை', 'கன்சிஸ்ட்' என்றால் 'ஆஃப்'. வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள். ஏன் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. பட்டியலில் இல்லாத இடத்தில் தமிழ் புகுந்துகொள்ளும். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று பழகிய கை 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதும்; சிவப்பு மை விழும்.

அகராதிகள் பொருளைச் சொல்லின. வாக்கியம் மேலே எப்படிப் போகும் என்பதை அவ்வளவாகச் சொல்லவில்லை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி அந்தக் குறையைத் தீர்க்க முனைந்தார். அவரும் இரு சகாக்களும் தொகுத்து 1942இல் டோக்கியோவில் வெளியான அகராதி, வினைச்சொற்களை 25 வாக்கிய அமைப்புகளாக வகுத்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது.

அடுத்த மாற்றம் கணினியால் வந்தது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவான கோபில்ட் அகராதி 1987இல் வெளியானது. அதன் எடுத்துக்காட்டுகள் ஆசிரியர் யோசித்து எழுதியவை அல்ல. மக்கள் உண்மையில் எழுதியவற்றிலிருந்தும் பேசியவற்றிலிருந்தும் எடுத்தவை. 1990களில் பிரிட்டிஷ் தேசியச் சொற்றொகுப்பு 10 கோடிச் சொற்களைத் திரட்டியது. 2010 முதல் கூகுளின் என்கிராம் வழியாக, இரண்டு தொடர்களில் எது அதிகம் அச்சேறியது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

எண்ணிப் பார்க்கத் தொடங்கியதும் 'சரி' என்பது ஊருக்கு ஊர் வேறாகத் தெரிந்தது. தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்தால் லண்டன்காரர் 'அப்பீல்' என்பதோடு 'அகெய்ன்ஸ்ட்' சேர்ப்பார். நியூயார்க்காரர் சேர்க்காமலே எழுதுவார். நம் நீதிமன்ற ஆங்கிலம் லண்டன் பக்கம்.

இன்று 'டிஸ்கஸ் அபௌட்' என்று தட்டினால் கைபேசியே அடிக்கோடிட்டுவிடும். ஆனால் ஒருவரிடம் பந்தை 'த்ரோ டு' என்றால் அவர் பிடிப்பதற்கு. 'த்ரோ அட்' என்றால் அவர்மேல் படுவதற்கு. ஒரு திட்டத்துக்கு 'அக்ரீ டு' என்றால் சம்மதம் கொடுத்தாயிற்று. 'அக்ரீ வித்' என்றால் கருத்து ஒத்துப்போகிறது, அவ்வளவே. நான்குமே இலக்கணப்படி சரி, நான்குமே வழக்கில் உள்ளவை. எனவே கோடு விழாது. எதைச் சொல்ல வந்தோம் என்பது எழுதுபவருக்குத்தான் தெரியும். அன்று பட்டியலை ஒப்பித்தவர் கோட்டைவிட்டதும், இன்று திரையை நம்புபவர் கோட்டைவிடுவதும் இந்த இடத்தில்தான்.