வாசலில் வந்து கேட்கிறார்கள்... என்ன சொல்வது?

கடைவீதியில் ஒரு தானியக் குவியல். அவ்வழியே வந்த நபி (ஸல்) அவர்கள் அதனுள்ளே கையை விட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி சொன்னார். அப்படியானால் ஈரமானதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுவதைக் கண்டித்தார்கள் நபியவர்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் இச்சம்பவம் வியாபாரிகளுக்கு மட்டும் உரிய பாடமன்று. மேலே தெரிவதை வைத்து முடிவு செய்யக்கூடாது என்பது எல்லோருக்கும் உரிய பாடம்.

சகோதரிகளே! சவர்க்காரம், பால்மா, தொலைபேசி என்று எதை விற்பதானாலும் கம்பனிகள் இன்று முதலில் சந்தை ஆய்வு செய்கின்றன. அரசாங்கமும் மக்கள் மனதை அறியக் கணக்கெடுக்கிறது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதே இதன் அடிப்படை. ஆனால் அடிப்பிடித்த சோற்றை மேலே உள்ள பருக்கை காட்டிக் கொடுக்குமா?

சொல்வது ஒன்று, நினைப்பது ஒன்று

உடனடிக் கோப்பித்தூளை ஏன் வாங்குவதில்லை என்று அமெரிக்கப் பெண்களிடம் கேட்டபோது, சுவை பிடிக்கவில்லை என்றார்கள். மேசன் ஹெயர் என்ற உளவியலாளர் இதை நம்பிவிடவில்லை. அவர் இரண்டு சாமான் பட்டியல்களைத் தயாரித்தார். ஒன்றில் வழமையான கோப்பித்தூள், மற்றதில் உடனடிக் கோப்பி. மற்றவை எல்லாம் ஒன்றே. பட்டியலை எழுதிய பெண் எப்படிப்பட்டவள் என்று கேட்டார். உடனடிக் கோப்பிப் பட்டியலைப் பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர், "சோம்பேறி" என்றார்கள்! 1950இல் வெளிவந்த இந்த ஆய்வு, தடையாக இருந்தது சுவை மட்டுமல்ல, பிறர் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சமும்தான் என்று காட்டியது. வீட்டில் வறுத்து இடித்த மிளகாய்த்தூளுக்குப் பெயர்போன யாழ்ப்பாணத்தில், கடைத்தூள் வாங்கியதை மறைத்த சகோதரிகளுக்கு இது நன்றாகவே விளங்கும்.

கை படாத குவியல்

2006இல் லர்ன்ஏசியா நிறுவனம் ஐந்து ஆசிய நாடுகளில் வருமானம் குறைந்தோரின் தொலைபேசிப் பாவனையை ஆராய்ந்தது. தொலைபேசி வசதியில் ஆண் பெண் வேறுபாடு பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் அதிகம், இலங்கையில் சற்றுக் குறைவு, பிலிப்பைன்ஸிலும் தாய்லாந்திலும் இல்லை என்று கண்டது. ஆனால் அந்த 'இலங்கை'யில் வடக்கும் கிழக்கும் சேரவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. 1981க்குப் பின் நாடு முழுவதையும் எண்ணிய குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. முப்பத்தொரு வருட இடைவெளி!

நமது கதை இன்னும் சிக்கலானது. 1990 ஒக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றினர். பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளானார்கள். 2009இல் யுத்தம் முடிந்தபின் ஒரு பகுதியினர் திரும்பினர். தொழிலுக்காகக் கணவர் சோனகத் தெருவில், படிப்புக்காகப் பிள்ளைகளும் தாயும் புத்தளத்தில் என்று இரண்டு இடத்திலும் கால் வைத்த குடும்பங்கள் உண்டு. பூட்டிய வீட்டைப் பார்த்து "ஆளில்லை" என்று எழுதிவிட்டால், அந்த வீடு வேண்டுவதும் கணக்கில் வராது. வீட்டுத் திட்டமும் பள்ளிக்கூட வசதியும் கணக்கைப் பார்த்தே வருகின்றன.

நாம் செய்யக்கூடியது

கேட்க வருபவரின் அடையாள அட்டையைப் பாருங்கள். எதற்காக, யாருக்காக என்று கேளுங்கள். வங்கிக் கணக்கு இலக்கம் கேட்டால் கொடுக்காதீர்கள். குடிசன மதிப்பீட்டுக்குத் தரும் விபரங்களை இரகசியமாகக் காக்கச் சட்டம் இருக்கிறது. "நல்ல பால்மாதானே வாங்குகிறீர்கள்?" என்பதுபோல் விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டால் "ஆம்" என்று தலையாட்டிவிடாதீர்கள். அடுப்படிச் செலவை அறிந்தவர் நீங்கள். அதைப்பற்றி வாசலில் நிற்கும் ஆண்கள் ஊகித்துச் சொல்ல விடாதீர்கள். இல்லாததை இருப்பதாகவும் இருப்பதை இல்லாததாகவும் சொல்ல வேண்டாம்.

சாட்சியத்தை மறைக்கலாகாது என்பது நமது மார்க்கம் கற்றுத் தந்த ஒழுக்கம். கேட்பவருக்கு நமது விடை ஓர் அமானிதம். நமக்கோ, இந்த மண்ணில் நாமும் வாழ்கிறோம் என்பதற்கான சாட்சி. இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை கதவு தட்டப்படும்போது குவியலின் உள்ளே இருப்பதையும் சொல்வோம்.