தப்பி ஓட இடமில்லாத இரை

மீனை மீன் தின்பது வன்னி மக்களுக்குப் புதிய செய்தியன்று. மாரி மழையில் இரணைமடுவும் முத்தையன்கட்டும் வவுனிக்குளமும் நிரம்பி வான்பாயும் காலத்தில் நீர்விளிம்பில் நின்று நோக்குவோர், விரால் ஒன்று சிறுமீன் கூட்டத்தின்மேற் பாய்வதைக் கண்டிருப்பர். அதுகண்டு விராலைக் கொடியது என்று பழிப்பார் எவருமிலர். புல்லையும் பாசியையும் உண்டு வாழும் உடலமைப்பு அதற்கு இல்லை. அது தன் இயல்பின்படி வாழ்கின்றது. தன் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக நீர்மட்டத்தில் திரியும் நாட்களில் அவற்றின் கீழே நின்று காவல் புரிவதும் அதே விரால்தான்.

இன்று நம்மவர் இல்லங்களிலும் கண்ணாடித் தொட்டிகளில் அலங்கார மீன் வளர்ப்போர் உளர். இது நல்ல பொழுதுபோக்கே. பிள்ளைகளுக்குப் பொறுமையையும் பொறுப்பையும் கற்பிக்க வல்லது. ஆனால் அவருட் சிலர், தென்னமெரிக்க நீர்நிலைகளுக்குரிய ஒஸ்கார், வெள்ளி அரோவனா முதலான ஊனுண்ணி மீன்களை விரும்பி வாங்குகின்றனர். அவற்றுக்கு இரையாகச் சிறு பொன்மீன்களையும் கப்பி மீன்களையும் பொலித்தீன் பையிற் கொணர்ந்து உயிருடன் தொட்டியில் விடுகின்றனர். வீட்டார் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கின்றனர். “இஃது இயற்கைதானே!” என்பது அவர்கள் கூறும் சமாதானம். அச்சமாதானம் எவ்வளவு பொருந்தும் என்பதைச் சற்று ஆராய்வோம்.

குளமும் தொட்டியும்

குளத்தில் இரைக்கும் இயற்கை சில வசதிகளைச் செய்து வைத்திருக்கின்றது. தாமரை இலையின் நிழல் உண்டு. கோரைப் புல்லின் இடுக்கு உண்டு. பெரிய மீன் வரவியலாத ஆழமற்ற கரை உண்டு. கலங்கல் நீரின் மறைப்பும் உண்டு. விரால் பாயும் ஒவ்வொரு முறையும் இரை அகப்படுவதில்லை. விரைந்து நீந்துவதும் கூட்டமாகத் திரும்புவதும் ஒளிந்து கிடப்பதும் சிறுமீன் தன் உயிரைக் காக்கப் பெற்ற கருவிகள். வேட்டையாடும் மீனுக்குப் பல் உண்டெனின், வேட்டையாடப்படும் மீனுக்குப் புகலிடம் உண்டு.

கண்ணாடித் தொட்டியில் நிகழ்வது வேறு. நான்கு புறமும் சுவர், ஒளிய இடமில்லை. முதல் முறை தப்பினாலும் பத்தாம் முறை தப்ப வழியில்லை. சிலவேளை அரைகுறையாகக் கடியுண்ட சிறுமீன், பெரிய மீனுக்கு மறுபடி பசி எடுக்கும்வரை மூலையில் ஒதுங்கிக் கிடக்கின்றது. பல்லை மட்டும் உள்ளே விட்டுப் புகலிடத்தை வெளியே நிறுத்திவிட்டு, அதனை இயற்கை என்று கூறல் பொருந்தாது. தொட்டியை அமைத்தவர், மீனைத் தெரிந்தெடுத்தவர், இரையைக் கையால் விட்டவர் அனைவரும் மனிதரே. ஆதலின் அங்கே நிகழ்வதற்குப் பொறுப்பாளியும் மனிதனே.

மீனுக்கு வருத்தம் உண்டோ?

“மீனுக்கு நோவு தெரியுமோ?” என மாணாக்கர் வினவுதல் இயல்பு. தேனீக்களின் நடன மொழியை விளக்கி, 1973ஆம் ஆண்டில் நோபல் பரிசில் பங்குபெற்ற கார்ல் ஃபொன் ஃப்ரிஷ் என்னும் அறிஞர், 1938ஆம் ஆண்டிலேயே மீன்களைப் பற்றிய ஒரு செய்தியை வெளியிட்டார். காயமுற்ற சிறுமீன் ஒன்றின் தோலிலிருந்து நீரிற் கலக்கும் ஒருவகைப் பொருள், அதன் இனத்து மீன்களை அச்சுறுத்திச் சிதறி ஓடச் செய்கின்றது என்பதே அது. அவர் ஆராய்ந்த மீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் இரையாக வாங்கும் பொன்மீனும் அக்குடும்பத்ததே. ஆகவே ஒரு பொன்மீன் கடியுண்ணும்போது, அத்தொட்டியில் எஞ்சியுள்ள பொன்மீன்களுக்கும் அபாய அறிவிப்புச் சென்றுவிடுகின்றது. ஆனால் அவை எங்கே ஓடும்?

2003ஆம் ஆண்டில் லின் ஸ்னெடன் என்னும் ஆய்வாளரும் அவருடன் பணிபுரிந்தோரும் ஸ்கொற்லாந்தில் நடத்திய பரிசோதனையில், வானவில் ட்ரவுட் மீன்களின் உதட்டில் தேனீ நஞ்சும் அசற்றிக்கமிலமும் செலுத்தப்பட்டன. அம்மீன்களின் சுவாசம் விரைந்தது. அவை நெடுநேரம் உணவை நாடவில்லை. அமிலம் செலுத்தப்பட்டவை தம் உதட்டைத் தொட்டியின் அடியிலுள்ள கற்களில் உராய்ந்தன. நோவாற்றும் மோர்பின் கொடுத்தபோது இக்குறிகள் குறைந்தன. மாறாக, மனிதருக்குள்ள மூளைப் புறணி மீனுக்கு இல்லாமையால் அது நோவை உணர்தல் இயலாது என அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ரோஸ் 2002ஆம் ஆண்டில் வாதிட்டார். விவாதம் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. எனினும் ஐயமுள்ள இடத்தில் இரக்கத்தின் பக்கம் சாய்வதே அறிவுடைமை. நம் எண்ணம் பிழையாயிருப்பினும் இரக்கத்தால் விளையும் நட்டம் ஒன்றுமில்லை; கொடுமையால் விளையும் நட்டத்தை மீட்க முடியாது.

சிபியின் தராசு

சோழர் குலத்து முன்னோனாகப் பழந்தமிழ் நூல்கள் போற்றும் சிபிச் சக்கரவர்த்தியின் கதையை அறியாதார் நம்மிடையே இலர். புறா அடைக்கலம் புகுந்ததையும் அரசன் தன் தசையை அரிந்து தராசில் இட்டதையும் நாம் நினைவிற் கொள்கின்றோம். பருந்தின் வழக்கையோ மறந்துவிடுகின்றோம். “புறா என் உணவு, அதனைத் தடுத்தால் யான் பசியால் இறப்பேன்” என்பது அதன் வழக்கு. அரசன் அதனை மறுக்கவில்லை. பருந்தைத் தானியம் உண்ணுமாறு பணிக்கவுமில்லை. இருவர் உயிருக்கும் தான் பொறுப்பேற்றான். அப்பொறுப்பின் விலையைத் தானே கொடுத்தான்.

மீன் வளர்ப்போன் நிலையும் அத்தகையதே. பருந்தும் புறாவும் ஒருங்கே அவன் கையில் இருக்கின்றன. ஒஸ்காரைப் பட்டினி போடுதலும் பாவம். பொன்மீனைச் சிறைக்குள் விட்டுத் துரத்துவித்தலும் பாவம். தசையை அரியுமாறு எவரும் அவனைக் கேட்கவில்லை. சிறிது முயற்சியும் பொறுமையுமே அவனிடம் வேண்டப்படுகின்றன.

பழக்கினால் பழகும்

ஊனுண்ணி மீன்கள் உயிரற்ற உணவைத் தீண்டா என்பது பெரும்பாலும் தவறான எண்ணம். வியட்நாமின் மெக்கொங் கழிமுகப் பகுதியில் விரால் வளர்ப்போர் முன்னர்ச் சிறுமீன்களையே உணவாக இட்டனர். பின்னர்க் குஞ்சுப் பருவத்திலேயே உருண்டை உணவுக்குப் பழக்கிப் பெருந்தொகையாக வளர்க்கலாயினர். விராலே பழகுமாயின் வீட்டுத் தொட்டியிலுள்ள ஒஸ்கார் பழகாதோ? நலமுள்ள வளர்ந்த மீனை ஓரிரு நாள் பசிக்கவிட்டு, இறால் துண்டையோ மீன் துண்டையோ மெல்லிய குச்சியின் நுனியிற் கோத்து நீரில் அசைத்துக் காட்டினால், அசைவை நாடி வந்து கௌவும். சில நாட்களில் குச்சியும் வேண்டாததாகும்.

“அத்துண்டும் ஒரு மீனின் உடல்தானே?” எனக் கேட்கலாம். உண்மை. உயிர்க்கொலை இதனால் முற்றாக நீங்கிவிடாது. ஆயினும் கறிக்கு வெட்டும்போது கழிக்கும் தசைத் துண்டு ஒருவேளைக்குப் போதுமானால், அதற்கெனப் புதிதாக ஓர் உயிரை வாங்க வேண்டியதில்லை. துரத்தலும் அச்சமும் அறவே இல்லை. வளர்ப்பு மீனுக்கும் இதனால் நன்மையுண்டு. பொன்மீனின் உடலில் தியமின் என்னும் விற்றமின் பி1 சத்தைச் சிதைக்கும் நொதியம் இருக்கின்றது. அதனையே நெடுநாள் உண்ணும் மீன் அச்சத்துக் குறைவால் நலிவுறும். நெருக்கமாக அடைத்து விற்கப்படும் இரைமீன்கள் ஒட்டுண்ணிகளையும் நோய்களையும் உடன் கொண்டுவருதலும் உண்டு.

எல்லை எங்கே?

நுளம்புக் குடம்பியும் உயிர்தானே, அதனைக் கப்பி மீனுக்கு இடலாமோ என்று கேட்பாருமுண்டு. மலேரியாவைப் பரப்பும் புதிய நுளம்பினம் ஒன்று 2016ஆம் ஆண்டின் இறுதியில் மன்னாரிற் கண்டறியப்பட்டபோது, குடம்பிகளை அழிக்கக் கிணறுகளில் மீன்கள் விடப்பட்டன. நோயினின்று மக்களைக் காத்தல் அங்கே நோக்கம். அவ்வாறே, முட்டையிலிருந்து வெளிவந்த சில மீன்குஞ்சுகள் நுண்ணுயிர்களையன்றி வேறு உண்ண மாட்டா. தேவை வேறு, வேடிக்கை வேறு. தேவை உள்ள இடத்திலும் அதனை இயன்றவரை சுருக்குதலே அறம்.

இவ்வெல்லையைச் சுவிற்சர்லாந்து தேசம் 2008ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்பு விதிகளில் வகுத்துள்ளது. சிறைப்பட்ட காட்டுயிருக்கு வேறு உணவால் ஊட்டமளிக்க இயலாதபோது, அல்லது அதனை மீண்டும் இயற்கையில் விடக் கருதும்போது, அல்லது இரைக்கும் ஏற்றவாறு அமைந்த பொது இடத்தில் இரண்டும் வாழும்போது மட்டுமே உயிரிரை இடலாம் என்பது அவ்விதியின் சாரம். நம் நாட்டிலும் 1907ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், அடைத்து வைக்கப்பட்ட மீனையும் விலங்கு என்னும் சொல்லினுள் அடக்கியது. திருக்குறளோ சட்டங்களுக்கு நெடுங்காலம் முன்னரே கொல்லாமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தது.

குளத்தில் விடுதல் கருணையாகாது

இவற்றைப் படித்தபின் எவரேனும், “இப்பாவம் நமக்கு வேண்டாம்” என்று தம் வேட்டை மீனைக் கொண்டுபோய்க் குளத்தில் விட எண்ணலாம். அது பெருந்தவறு. நைஃப் மீன் எனப்படும் அயல்நாட்டு ஊனுண்ணி, அலங்கார மீன் வாணிகத்தின் வழியே தப்பி இலங்கையின் நீர்நிலைகளிற் குடியேறி, உள்நாட்டுச் சிறுமீன்களுக்குக் கேடாக நிற்கின்றது. வன்னியிலோ ஒரு குளத்தின் வான்நீர் மறுகுளத்தை அடையும். இரணைமடுவிற் கலந்தது கனகராயன் ஆற்று வழியே சுண்டிக்குளம் நீரேரி வரை செல்லும். ஒரு மீனுக்குக் காட்டிய இரக்கம் ஆயிரம் மீன்களுக்கு அழிவாகலாம். குளத்து மீனை நம்பி வாழும் குடும்பங்களின் உலையிலும் கைவைக்கலாம். வளர்க்க இயலாத மீனை வாங்கிய கடையிலோ, வளர்க்க வல்ல வேறொருவரிடமோ ஒப்படைப்பதே தக்கது.

ஆகவே பெற்றோர், கடையில் மீனின் அழகைக் கண்டு மயங்குமுன் மூன்று வினாக்களைக் கேட்பாராக. இது வளர்ந்தபின் எவ்வளவு பெரிதாகும்? எதனை உண்ணும்? உயிரற்ற உணவுக்குப் பழகியதா? மூன்றாவதற்கு “இல்லை” என்பது விடையாயின், பழக்கும் பொறுமை தம்மிடம் உண்டா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இல்லையேல் அம்மீனை விட்டு வேறொன்றைத் தெரிவு செய்யலாம். சாந்தமான மீன்களுக்குக் குறைவில்லை. வேட்டையைக் காண விரும்பும் பிள்ளைகளை ஒரு மாலைப்பொழுது குளக்கட்டிற்கு அழைத்துச் செல்க. அங்கே விரால் பாயும், சிறுமீன் சிதறும். சில அகப்படும், பல தப்பும். இயற்கை என்பது அதுவேயெனப் பிள்ளைகள் தாமே அறிந்துகொள்வர்.