அன்று ‘எந்த ஊர்?’, இன்று ‘எத்தனை வருசம்?’

மார்கழிப் பௌர்ணமிக்குத் தொடங்கி வெசாக் வரை கொழும்பிலிருந்து மலைநாட்டுக்கு ஏறும் இரவு ரயிலில் நிற்கவும் இடம் கிடைக்காது. வட்டவளை, றொசல்ல எல்லாம் தூக்கத்திலேயே கடந்துபோகும். ஹட்டனில் பெட்டி காலியாகும். சனம் அங்கிருந்து பஸ் பிடித்து மஸ்கெலியா, நல்லதண்ணி என்று சிவனொளிபாதமலைக்குப் போய்விடும். 2,243 மீற்றர் உயரத்தில் இருக்கும் அந்தப் பாதம் பௌத்தருக்குப் புத்தருடையது, சைவருக்குச் சிவனுடையது. முஸ்லிம்களுக்கு அது ஆதம் நபி சொர்க்கத்திலிருந்து இறங்கியபோது பதித்த சுவடு. அதைப் பார்க்கத்தான் இப்னு பதூதா 1344இல் அந்த மலை ஏறினார். உலகத்தின் முதல் மனிதனுக்கு விலாசம் கொடுத்த மலை, றொசல்லத் தேயிலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் என்று சொல்லமுடியாவிட்டாலும், அடுத்த வீட்டுக் கணக்குத்தான்.

அந்த விலாசத்தைப் பற்றித் தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனம் பெரிதாக அலட்டிக்கொண்டதில்லை. அவர்களுக்கு வேறு கணக்கு இருந்தது.

மனுசன் எப்படி வந்தான் என்று அன்று கேட்டால் பிரமன் படைத்தான் என்பார்கள். அதோடு இரண்டு சாமான் சேர்ந்து வந்தன. ஒன்று தலையெழுத்து, மற்றது சாதி. தலையில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், தொடையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்ற பழைய வரிசையை மண்டபம் கரையில் இறக்கி வைத்துவிட்டு யாரும் இங்கே வரக் கப்பலேறவில்லை. கங்காணி ஆள் கட்டியதே ஊர் பார்த்து, உறவு பார்த்து, சாதி பார்த்துத்தான். திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துக் கிராமம் ஒன்று பிய்த்தெடுத்ததுபோல மலையில் வந்து இறங்கும். எந்தச் சாதிக்கு எந்த லயம் என்பதும் அதன்படியே. துண்டுக் கடன் தலைமுறை தாண்டினாலும், பெரட்டுக்களத்தில் துரை கை ஓங்கினாலும், எழுதினவன் அழித்தா எழுதப்போகிறான் என்ற பதில் தயாராக இருந்தது. தோட்டத்தை நடத்தியவர்களுக்கு இதைவிட வசதியான படைப்புக் கதை வேறு கிடைத்திருக்காது.

ஆனால் அந்தச் சனம் சும்மா தலையெழுத்தென்று குந்திக்கொண்டிருக்கவும் இல்லை. ஊர்க் கோயிலில் பிடிமண் எடுத்துவந்து இங்கே மாரியம்மனையும் முனியாண்டியையும் நிறுத்தியவர்கள், கொஞ்ச காலத்தில் ஊரில் இல்லாத சாமிகளையும் உண்டாக்கினார்கள். தேயிலை ஆலையின் பெரிய சக்கரம் ரோதை. அது ஆளை இழுத்துக்கொள்ளாமல் காக்க ரோதைமுனி வந்தார். கவ்வாத்துக் கத்தி காலில் படாமலிருக்கக் கவ்வாத்துச் சாமி வந்தார். புதுக்கோட்டையில் போய் ரோதைமுனிக்குக் கோயில் எங்கே என்று கேட்டால் சிரிப்பார்கள். மலையகத்து மனிதன் தான் இந்த மண்ணில் உருவானவன் என்று முதலில் சொல்லிக்கொண்டது மேடையில் அல்ல, இந்தக் கல்லுக்கு முன்னால்தான் என்பது என் எண்ணம்.

இடையில் வேறு கதைகளும் படியேறி வந்தன. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டம் தோட்டமாகப் பள்ளிக்கூடம் வைத்தது. எல்லாரும் ஆதாம் ஏவாளின் பிள்ளைகள், ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள் என்ற பேச்சு, கடைசி லயத்தில் இருந்தவன் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். லயம் மாறவில்லை, அது வேறு விசயம். பெரியார் 1932இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் வழியில் இலங்கையில் இறங்கிப் பேசினார். பிறகு இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் தோட்டங்களுக்குள் வேர்விட்டது. மனிதனை யாரும் தலையாலும் காலாலும் பிரசவிக்கவில்லை என்று கேட்டு வளர்ந்த இளைஞர்கள் கோயில் வாசலில் தகராறு செய்தார்கள், சடங்கில்லாமல் கலியாணம் கட்டினார்கள். 1962இல் அரசு அந்தக் கழகத்தைத் தடை செய்தது.

பிரமனை விடக் கறாராக மூலம் விசாரித்தது அரசாங்கம்தான். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் கேட்டது, உன் தகப்பன் எங்கே பிறந்தான், தாத்தா எங்கே பிறந்தான், பத்திரம் எங்கே? கித்துல் மரத்தடியிலும் லயத்துக் காம்பராவிலும் பிறந்தவனுக்கு ஏது பத்திரம்? 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தார்கள். 1974இல் அதையும் பாதி பாதியாக்கினார்கள். அண்ணன் ஒரு கப்பலில், தம்பி இந்த மலையில். நாடற்றவர் கணக்கைத் தீர்க்கும் சட்டம் வர 2003 ஆயிற்று.

இத்தனைக்கும் நடுவில் ‘கள்ளத்தோணி’ என்ற வசவு வேறு. வசவு சொன்னவர்கள் மதித்துப் படிக்கும் மகாவம்சத்திலேயே முதல் அரசன் விஜயன் சிங்கத்தின் வழிவந்தவன், கப்பலில் வந்திறங்கியவன். அவன் வந்தபோது இங்கே குவேனி நூல் நூற்றுக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பெண் கேட்டு ஆள் போனது மதுரைக்கு. கதையைக் கதையாக வைத்துக்கொண்டாலும், அதில் கடல் தாண்டாமல் ராச்சியம் தொடங்கவில்லை.

இன்று நிலைமை வேறு. உயர்தரத்தில் உயிரியல் எடுத்த பிள்ளைகள் லயத்திலிருந்து ஹட்டனுக்கு ரியூஷன் போகிறார்கள். புத்தகத்தில் கூர்ப்பு இருக்கிறது. சுமார் 3 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆபிரிக்காவில் தோன்றிய மனித இனம் உலகமெங்கும் நடந்து பரவிய கதையை அவர்கள் சோதனைக்காகப் பாடமாக்குகிறார்கள். றொசல்லப் பக்கத்து இஸ்தோப்பொன்றில் காதில் விழுந்த பேச்சு இது:

“நாமெல்லாம் கொரங்குல இருந்து வந்தோம்னா சொல்லித் தாராங்க?”

“கொரங்குல இருந்து இல்ல அம்மாயி. கொரங்குக்கும் நமக்கும் ஒரே பாட்டன்.”

“அப்ப பங்காளின்னு சொல்லு. அதான் கொய்யா மரத்த விடமாட்டேங்குது.”

டார்வினுக்கு இதைவிடச் சுருக்கமான பொழிப்புரையை நான் படித்ததில்லை. வெள்ளிக்கிழமையானால் அதே பிள்ளை மாரியம்மனுக்கு விளக்கு வைக்கிறது. சோதனை எண் வந்தால் பேனாவையும் சாமி காலடியில் வைத்து எடுக்கிறது. இதில் முரண்பாடு தேடுகிறவர்கள் தேடட்டும். நான் பார்க்கும் மாற்றம் வேறிடத்தில். அம்மாயியின் அம்மாயி தன் பிறப்பை எழுதப்பட்ட ஒன்றாகப் பார்த்தாள். பேத்தி அதை நடந்த ஒன்றாகப் பார்க்கிறாள். நடந்ததற்குக் காரணம் கேட்கலாம். ஏன் இன்னும் லயத்தில் இருக்கிறோம் என்று அவள் கேட்கும்போது, தலையெழுத்து என்ற பதில் வீட்டில் எடுபடுவதில்லை.

‘எந்த ஊர்?’ என்ற கேள்வியும் மாறிவிட்டது. முசிறி, துறையூர் என்ற பெயர்கள் கிழவிகளோடு போய்விட்டன. இப்போது கேட்பது ‘எந்தத் தோட்டம்?’ கலியாணப் பேச்சில் மட்டும் பழைய கேள்வி வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. பிரமனின் காலும் தலையும் அங்கே இன்னும் உயிரோடிருக்கின்றன.

புதிதாக ஒரு மூலக் கதையும் கிடைத்திருக்கிறது. 2023இல் மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். முன்னோர் காட்டு வழியில் நடந்து, காய்ச்சலிலும் பேதியிலும் செத்து விழுந்த பாதை அது. நினைக்கவேண்டியதுதான். இருந்தாலும் எனக்கொரு மனக்குறை உண்டு. ‘200 வருசம் இருக்கிறோம், ஆகவே உரிமை’ என்றால், 2,000 வருசம் என்று சொல்ல இன்னொருவர் எழும்புவார். தாத்தா பிறந்த இடத்தைக் கேட்ட 1948ஆம் ஆண்டுச் சட்டமும் இதே தராசைத்தான் பிடித்தது. பிள்ளை பெற்று, மலை திருத்தி, வரி கட்டி வாழ்கிறவனுக்கு வயது எதற்கு?

வயதுப் போட்டி என்றே வைத்துக்கொண்டால், வெல்லப்போகிறவர் நம்மில் யாருமில்லை. றொசல்லயிலிருந்து கினிகத்தேனை வழியாக இறங்கினால் கித்துல்கல. ‘குவாய் நதிப் பாலம்’ படம் எடுத்த இடம், இப்போது வெள்ளைக்காரர் படகு விட வருகிறார்கள் என்பதோடு பலருக்கு அந்த ஊர் முடிந்துவிடும். அதன் மேலே காட்டுக்குள் பெலிலென குகை இருக்கிறது. 1970களின் கடைசியிலிருந்து தொல்லியல் திணைக்களம் தோண்டியதில் 12,000 ஆண்டுக்கும் முந்திய மனித எலும்புகள், சின்னஞ்சிறு கல்லாயுதங்கள், கெக்குனக் கொட்டைக் கோதுகள், காட்டு வாழையின் மிச்சங்கள் கிடைத்தன. கடற்கரையிலிருந்து உப்பு வந்ததற்கும் தடயம் உண்டு. பாடநூலில் வரும் பலாங்கொடை மனிதன் இவன்தான். களுத்துறைப் பக்கம் பாஹியன்கலக் குகையில் 48,000 ஆண்டுப் பழைமையான எலும்பு அம்புமுனைகளே கிடைத்திருக்கின்றன.

இவர்களும் வந்தவர்கள்தான். சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்வரை கடல் பல தடவை தாழ்ந்து, இன்றைக்குத் தலைமன்னார்க் கடல் இருக்குமிடம் தரையாகக் கிடந்திருக்கிறது. தோணிகூடத் தேவைப்படாத காலம். பிற்காலத்தில் வேதத்தையும் வம்சத்தையும் காட்டி உரிமை பேசியவர்கள் எல்லாரும் அந்தக் குகைக்காரனுக்குப் பிந்தியவர்கள். அவன் தேயிலை நடவில்லை, உறுதியும் எழுதி வைக்கவில்லை.

உறுதி இல்லாத விசயத்தில் மட்டும் மலையகத்தான் அவனுக்குச் சரியான வாரிசு. வீட்டுக்கு 7 பேர்ச்சா 10 பேர்ச்சா என்ற பேச்சு அரசாங்கத்துக்கு அரசாங்கம் நீளுகிறது. லயத்துக் காம்பரா இன்னும் பலருக்குக் கம்பனியின் தயவில்தான் இருக்கிறது. மனிதன் எங்கிருந்து வந்தான் என்பதற்கு விஞ்ஞானம் பதில் சொல்லிவிட்டது. காணி உறுதியில் கையெழுத்து வைப்பது விஞ்ஞானத்தின் வேலையல்ல.

பாடசாலைச் சுற்றுலா வைக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அநுராதபுரம், கண்டி, கொழும்பு மிருகக்காட்சிச்சாலை எல்லாம் காட்டுங்கள். றொசல்லயிலிருந்து பெலிலெனவுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பலாம். கூர்ப்புப் பாடம் நடக்கும் தவணையிலேயே பிள்ளைகளை அங்கே கூட்டிப்போங்கள். காட்டுப் பாதையில் அட்டை கடிக்கும், உப்பும் சவர்க்காரமும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.