சொற்செயலி ஆவணங்களிடையே உரைத் தொடுப்பு

உரைத் தொடுப்பு என்பது ஒரு சொற்செயலி ஆவணத்தில் உள்ள பத்தியை, மூலத்தோடு உள்ள உறவு அறுபடாமல், மற்றோர் ஆவணத்தில் காட்டும் முறை ஆகும். வெறுமனே நகலெடுத்து ஒட்டினால், பின்னர் மூலத்தைத் திருத்தினாலும் நகல் பழையபடியே இருக்கும். தொடுத்து ஒட்டினால், மூலத்தில் செய்த திருத்தத்தை அதைத் தொடுத்துள்ள ஆவணங்கள் அனைத்திலும் புதுப்பித்துக்கொள்ளலாம்.

பயன்பாடு

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரப் பட்டாசு ஆலைகளின் அலுவலகப் பணியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கே ஒரே விதி வாசகம் மருந்துக் கலவைக் குறிப்பிலும், அறைச் சுவரில் ஒட்டும் பாதுகாப்பு அறிவிப்பிலும், புதிய தொழிலாளருக்கான பயிற்சித் தாளிலும், அச்சகத்துக்குச் செல்லும் லேபிள் வாசகத்திலும் வர நேரும். சில வாசகங்கள் மாறுவதே இல்லை. கந்தகமும் குளோரேட்டும் சேர்ந்த கலவை சிறு உராய்விலேயே தீப்பற்றக்கூடியது என்பதால் அது தடைசெய்யப்பட்டுள்ளது. இந்த வரி என்றும் அப்படியே இருக்கும். வேறு சில வாசகங்களை மாற்ற வேண்டி வருகிறது. 23 அக்டோபர் 2018 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. 29 அக்டோபர் 2021 அன்று அத்தடையை மீண்டும் வலியுறுத்தியது. கம்பி மத்தாப்பில் பேரியம் நைட்ரேட் வழக்கமான மூலப்பொருளாக இருந்து வந்ததால், கலவைக் குறிப்புகளையே புதிதாக எழுத வேண்டியதாயிற்று.

இத்தகைய மாற்றத்தின்போது நான்கு கோப்புகளைத் திருத்திவிட்டு ஐந்தாவதை மறந்தால், அந்த ஐந்தாவது தாளே சுவரில் தொங்கும். போர்மேன் அதைப் பார்த்துத்தான் வேலை சொல்வார். மாறக்கூடிய வாசகங்களைத் தனியாக ஒரு மூலக் கோப்பில் வைத்து, மற்றக் கோப்புகளை அதனோடு தொடுத்துவிட்டால், திருத்த வேண்டிய இடம் ஒன்றாகிவிடும்.

செய்முறை

மைக்ரோசாப்ட் வேர்டில் முதலில் மூலக் கோப்பைச் சேமிக்க வேண்டும். பெயரிட்டுச் சேமிக்காத கோப்புக்குத் தொடுப்பு அமையாது. பிறகு பத்தியை நகலெடுத்து, மற்றக் கோப்பில் 'பேஸ்ட் ஸ்பெஷல்' சாளரத்தைத் திறந்து 'பேஸ்ட் லிங்க்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே 'வேர்ட் டாக்குமென்ட் ஆப்ஜெக்ட்' எனத் தேர்ந்தால் பத்தி ஒரு படம்போலப் பெட்டிக்குள் வந்து நிற்கும். 'பார்மேட்டட் டெக்ஸ்ட்' எனத் தேர்ந்தால் சாதாரண எழுத்தாக வரும். பெரும்பாலும் வேண்டியது இரண்டாவதே.

இப்படித் தொடுக்கும்போது, மூலப் பத்தியைச் சுற்றி வேர்ட் தானாகவே ஒரு புத்தகக்குறியை இட்டுக்கொள்கிறது. பழைய பத்தியை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்தால் அந்தக் குறியும் அழிந்து, தொடுப்பு பிழை காட்டும். எனவே பத்தியின் உள்ளேயே சொற்களை மாற்றுவது நல்லது. குறிக்குத் தாமே பெயரிட விரும்புவோர், கோப்பிலிருந்து உரையைச் செருகும் கட்டளையில் 'இன்சர்ட் ஆஸ் லிங்க்' முறையைப் பயன்படுத்தலாம். லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் இதே வேலையைச் 'செக்‌ஷன்' வசதி செய்கிறது: புதிய பகுதியைச் செருகி, அதற்கு மூலக் கோப்பையும் அதிலுள்ள பகுதியின் பெயரையும் கொடுக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

தொடுப்பு தானே வேலை செய்யும் என்று நம்பிவிடுவதே பெரிய தவறு. தொடுப்புள்ள கோப்பைத் திறக்கும்போது, புதுப்பிக்கலாமா என்று வேர்ட் கேட்கும். அவசரத்தில் 'நோ' என அழுத்திவிட்டால் பழைய வாசகமே திரையில் இருக்கும். பார்வைக்கு எந்த வேறுபாடும் தெரியாது. முழு ஆவணத்தையும் தேர்ந்தெடுத்து எஃப்9 விசையை அழுத்தினால் புதுப்பிக்கப்படும். அச்சிடும் முன் தொடுப்புகளைப் புதுப்பிக்குமாறு வேர்டின் விருப்பங்களில் அமைத்துவைப்பதும் உதவும். சுவரில் ஒட்டிவிட்ட காகிதத்துக்கு எந்தத் தொடுப்பும் கிடையாது என்பதால், தாளின் அடியில் தேதி அச்சிடும் வழக்கம் அவசியம்.

தொடுப்பு மூலக் கோப்பின் முகவரியை நினைவில் வைத்திருக்கிறது. கோப்பின் பெயரையோ கோப்புறையையோ மாற்றினால் உறவு அறுந்துவிடும். அதேபோல, லேபிள் வாசகத்தை அச்சகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினால், அங்குள்ள கணினியில் மூலக் கோப்பு இராது. அனுப்பும் பிரதியில் மட்டும் உரையைத் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல், ஷிப்ட், எஃப்9 மூன்றையும் சேர்த்து அழுத்தித் தொடுப்பைச் சாதாரண உரையாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. மூலம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்து, தொடுத்த இடத்தில் எழுத்துரு மாறிவிட்டால், தடை வாசகம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். மூலக் கோப்பை ஒருங்குறியில் வைத்தால் இது நேராது.

முன்பின் தெரியாதவர் அனுப்பும் கோப்பு, தொடுப்புகளைப் புதுப்பிக்கக் கேட்டால் மறுத்துவிட வேண்டும். விண்டோசின் பழைய தரவுப் பரிமாற்ற முறையைத் தீநிரல் பரப்பச் சிலர் பயன்படுத்தியதால், 2017 டிசம்பரில் மைக்ரோசாப்ட் அம்முறையை வேர்டில் முடக்கியது.